வாளியை யார் தூக்குவது

செய்தி வந்தபோது எங்கள் கூட்டமைப்பின் தலைவர் பாக்கியத்துக்கு எதிராக ஒரு கடிதம் எழுதி முடித்திருந்தேன். இரண்டு பக்கங்கள், என் கையெழுத்தில். மை முழுதாகக் காயவில்லை. எங்கள் லயத்தை விடுதி நடத்தும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாம், தலைவரின் பிடிவாதம் ஒன்றே அதற்குத் தடை என்பது அதன் சாரம். உறையைத் தேடிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. பேசியவள் பாக்கியத்தின் தம்பி மகள் ரஞ்சிதம்.

"டீச்சரம்மா, அத்த போயிட்டாங்க."

"எங்கே?" என்று கேட்டேன். கூட்டமைப்பின் தலைவராக இருந்த காலம் முழுவதும் அவர் எங்கேயாவது போய்க்கொண்டேதான் இருந்தார். காலைப் பேருந்தில் மன்னவனூர், மறுநாள் பாச்சலூர், அதற்கடுத்த நாள் யாரிடமாவது சண்டை போட நகராட்சி.

"எங்கயும் இல்ல டீச்சரம்மா. வீட்டுலதான்."

வெள்ளனே எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, திரும்பப் போய்ப் படுத்திருக்கிறார். இறந்தார் என்பதை நான் உடனே நம்பினேன். எழுபது வயதில் அது நடக்கக்கூடியதுதான். திரும்பப் போய்ப் படுத்தார் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. அவர் என்னைவிட எட்டு வயது இளையவர். எந்தக் கூட்டத்திலும் என்னைப் பேசி முடிக்கவிட்டதில்லை. இதிலும் குறுக்கே புகுந்து முந்திக்கொண்டார்.

அவரை அறியாதவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்காகச் சில வரிகள். பழனி மலையில் எங்களுக்கு நான்கு வீடுகள் உண்டு. போளூரில் பூண்டு விவசாயிகளின் வீடு, மன்னவனூரில் ஆடு மேய்ப்பவர்களின் கொட்டில், பாச்சலூரில் காப்பி உலர்த்தும் களமும் அதையொட்டிய வீடும், கொடைக்கானலுக்குக் கீழே ஒரு லயம். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களுக்காக ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய அறைகள். அறைக்கு ஒரு குடும்பம், மழைக்காலத்தில் இரண்டு. இந்த நான்கும் அருங்காட்சியகங்கள்தாம். ஆனால் கண்ணாடிப் பெட்டிகளோ 'தொடாதீர்கள்' என்ற பலகையோ இங்கே கிடையாது. வருகிறவர்கள் பூண்டுப் பல்லை மண்ணில் ஊன்ற வேண்டும், காப்பிக்கொட்டையைக் கிளறிவிட வேண்டும், புகையில் கண் எரிய அடுப்பை ஊத வேண்டும். நான்கு வீடுகளும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாகியபோது, கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றிருந்த என்னைச் செயலாளராக்கினார்கள். தலைவர் பதவிக்கு நாள்முழுக்கச் சண்டை நடந்தது. மாலையில் பாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு ஊர்க்காரர்களும் ஒரே அளவுக்குப் பயந்த ஆள் அவர் ஒருவர்தான்.

இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் பெற்றோருடன் கப்பலில் வந்து இறங்கி, இந்த மலையில் வாட்டில் மரங்களுக்குப் பட்டை உரிக்கும் வேலையில் சேர்க்கப்பட்டார். நாம் அருங்காட்சியகம் என்று சொல்லும் அதே லயத்தின் மூன்றாம் காம்பராவில் குடியேறினார். அறையை அவர் கடைசிவரை காம்பரா என்றுதான் சொன்னார். கடைசிவரை அங்கேதான் குடியும் இருந்தார்.

நினைவஞ்சலிகளில் இறந்தவர்கள் எல்லோரும் சிரித்த முகமாக இருந்திருப்பார்கள். பாக்கியம் அப்படி இருந்ததில்லை. நடவடிக்கைக் குறிப்புகளைப் படிக்காமலே கையெழுத்திடுவார். பிறகு அதில் எழுதியிருப்பதைக் காட்டி, 'இத நான் எப்பச் சொன்னேன்?' என்று கேட்பார். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்து உட்கார்ந்துகொண்டு, சரியான நேரத்துக்கு வருகிறவர்களைத் தாமதமாக வந்தவர்கள் போலப் பார்ப்பார். இவற்றை எழுதாமல் விட்டால் அவரை அறிந்த நீங்கள் நான் எழுதும் மற்றதையும் நம்பமாட்டீர்கள்.

லயத்தைத் திறப்பதற்கு முன் நான் ஒரு உரை தயாரித்தேன். வருகிறவர்களிடம் பாக்கியம் ஒப்பிக்க வேண்டிய உரை. 'நான் ஒரு தோட்டத் தொழிலாளி. என் கதையைக் கேளுங்கள்' என்று தொடங்கும். கட்டிக்கொள்ளச் சேலையும் முதுகில் தொங்கவிடக் கூடையும் வாங்கி வைத்திருந்தேன். அவர் காகிதத்தைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல ஏந்தினார்.

"இத யாரு பேசப்போறது?"

"நீங்கள்தான்."

"நானா? பட்ட உரிச்சு உரிச்சுக் கை வெந்து போனவ, 'என் கதையைக் கேளுங்கள்'னு கைய நீட்டிக்கிட்டு நிப்பாளா? அவளுக்கு அடுப்புல சோறு இருக்குந்தானே?"

"மக்களுக்குப் புரிய வேண்டாமா?"

"கூட நின்னு வேல செஞ்சா புரியும். புரியலன்னா இன்னும் கொஞ்சம் செய்யட்டும்."

வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. தரை சமமில்லாததால் ஒரு கால் எட்டாமல் ஆடும். பாக்கியம் என் உரையை நான்காக மடித்து அந்தக் காலுக்குக் கீழே செருகினார். உட்கார்ந்து பார்த்தார். ஆட்டம் குறைந்திருந்தது, ஆனால் முழுதாக நிற்கவில்லை.

"காகிதம் நல்ல கனம், டீச்சரம்மா. இன்னும் ரெண்டு பக்கம் எழுதியிருந்தீங்கன்னா ஆட்டமே இருந்திருக்காது."

நான் பத்து நாட்கள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

வாளி வழக்கம் அடுத்த கோடையில் தோன்றியது. நீங்கள் அனைவரும் அறிந்ததுதான் என்றாலும், எங்களில் அதன் பிறப்பைப் பார்த்த இருவரில் மிஞ்சியிருப்பவள் நான் என்பதால் எழுதி வைக்கிறேன். ஓய்வுபெற்ற உயர் அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு லயத்துக்கு வந்தார். வெறுந்தேத்தண்ணியை இரண்டு மிடறு குடித்துவிட்டு, மூன்றாம் காம்பராவின் கரி படிந்த சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "எவ்வளவு நிம்மதியான வாழ்க்கை! அந்தக் காலம் அந்தக் காலம்தான்" என்றார். பாக்கியம் எழுந்து போய் ஒரு தகர வாளியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார்.

"நிம்மதி கீழ ஓடையில கெடக்குதுங்கய்யா. ஒரு வாளி கொண்டாங்க. அப்புறம் பேசலாம்."

ஓடைக்கு இறங்கும் அந்தச் சரிவைத் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. இறங்கும்போது கால் வழுக்கும்; ஏறும்போது வாளியின் விளிம்பு முழங்காலில் இடிக்கும். அவர் அரை வாளியோடு திரும்பி வந்தார். கால்சட்டை தொடைவரை நனைந்திருந்தது. கோபித்துக்கொள்வார் என்று நான் மன்னிப்பு வாசகத்தை மனத்தில் தயார் செய்துகொண்டிருந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை நடை?" என்று கேட்டார்.

"எண்ணுனா ஏற முடியாதுங்கய்யா" என்றார் பாக்கியம்.

அன்றிலிருந்து நான்கு வீடுகளிலும் வாசலில் ஒரு வாளி இருக்கிறது. அந்தக் காலம் நல்ல காலம் என்று யார் சொன்னாலும், அவர் பதவியில் இருந்தாலும் பட்டம் வாங்கியிருந்தாலும், தண்ணீர் கொண்டுவர வேண்டும். இதை விதியாக எழுதலாமா என்று கேட்டேன். "எழுதாதீங்க. படிச்சிட்டு உஷாராயிருவாங்க" என்றார். அவர் சொன்னவற்றில் இன்னொன்றும் நினைவிருக்கிறது: "தலைக்கு ஞாபகம் கம்மி, தோளுக்கு ஜாஸ்தி."

போளூர் விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். அது நடந்தபோது பலர் என்னைக் குறை சொன்னீர்கள், சிலர் அவரை. அருங்காட்சியக அங்கீகாரம் கொடுப்பதற்காக ஒரு குழு நான்கு வீடுகளையும் பார்வையிட வந்தது. 'முன்னெல்லாம் அந்த மாதத்தில், அந்த நாளில், அந்த நேரத்தில் வீடு எப்படி இருந்திருக்குமோ அப்படியே இருக்கணும்' என்பது தலைவரின் கட்டளை. முதல் மூன்று வீடுகளிலும் எல்லாம் நன்றாக நடந்தது. போளூருக்குப் போனோம். வீடு பூட்டிக் கிடந்தது. முந்தின மாலை பருவத்தின் முதல் மழை பெய்திருந்ததால், வீட்டுப் பொறுப்பாளர் குருசாமி மனைவி மக்களோடு பூண்டு ஊன்றக் காட்டுக்குப் போய்விட்டார். குழுவினர் பூட்டைப் பார்த்தபடி நின்றார்கள். ஆள் அனுப்பி அழைத்ததும் குருசாமி கை நிறைய மண்ணோடு வந்து, துளியும் குற்ற உணர்வில்லாமல் சொன்னார்:

"தலைவர்தானுங்க சொன்னாக, அப்படியே இருக்கணும்னு. மழ பெஞ்ச மறுநா எங்க தாத்தன் வீட்டுக்குள்ள இருந்ததா சரித்திரமே கெடையாதுங்க."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பாக்கியத்தின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "பூட்டுன வீடுதான் சரியான வீடு. எல்லாரும் காட்டுக்கு வாங்க" என்று குழுவை அழைத்தார். யாரும் போகவில்லை. குழுவினர் தங்கள் அறிக்கையில் 'பார்வையிட இயலவில்லை' என்று எழுதினார்கள். அங்கீகாரம் கிடைக்கவில்லை, அதோடு வந்திருக்க வேண்டிய நிதியுதவியும் வரவில்லை. மன்னவனூர்க் கொட்டிலின் கூரை அன்றிலிருந்து ஒழுகுகிறது. இதற்காக நான் அவரை மன்னித்ததில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக இப்போது மன்னிக்கவும் போவதில்லை. குருசாமி செய்தது சரி என்பது வேறு விஷயம்.

அந்த ஒழுகும் கூரையின் வழியாகத்தான் விடுதி நிறுவனம் உள்ளே வந்தது. லயத்தை நீண்ட குத்தகைக்குக் கொடுத்தால் மற்ற மூன்று வீடுகளையும் பழுது பார்த்துத் தருவதாகச் சொன்னார்கள். லயத்தைச் சுத்தம் செய்து, சுவருக்கு வெள்ளையடித்து, அறைக்கு ஒரு பொம்மை வைப்பார்கள்: கூடை சுமக்கும் பொம்மை, பிள்ளைக்குப் பாலூட்டும் பொம்மை. பின்னணியில் ஒலிபெருக்கி வழியாக மழைச் சத்தம். வருடத்தில் பாதி நாள் மழை கொட்டும் ஊரில்! அங்கே குடியிருக்கும் பாக்கியத்துக்கும் ரஞ்சிதத்துக்கும் நகரத்தில் வேறு வீடு கொடுப்பார்கள்.

நான் அதை ஆதரித்தேன். எனக்கு எழுபத்தெட்டு வயது, அவருக்கு எழுபது. நாங்கள் போனபிறகு யார் நடத்துவார்கள் என்று கேட்டேன். இருப்பவர்கள் நடத்துவார்கள் என்றார். இல்லாவிட்டால் என்று கேட்டேன்.

"இல்லாட்டி மூடிக் கெடக்கட்டும், டீச்சரம்மா. பொம்மைக்கு வேர்க்காது. வேர்க்காத ஆள வச்சு எங்க வேர்வையக் காட்டமுடியாது."

இதைத்தான் நான் பிடிவாதம் என்று கடிதத்தில் எழுதியிருந்தேன். அடுத்த வாரம் வாக்கெடுப்பு நடக்க இருந்தது. வீட்டுக்கு ஒரு வாக்கு. சமமாக வந்தால் செயலாளர் வாக்கு. லயத்தின் வாக்கு பாக்கியத்திடம் இருந்தது. அவர் இறந்ததால் அது ரஞ்சிதத்துக்குப் போயிற்று. கூட்டத்தைத் தள்ளிவைக்க யாரும் கேட்கவில்லை. முதலில் இரங்கல், பிறகு வாக்கெடுப்பு என்று முடிவாயிற்று.

கூட்டம் லயத்தின் வாசலில் நடந்தது. நிறுவனத்தின் மேலாளர் பெரிய மாலையோடு வந்திருந்தார். நல்ல பிள்ளைதான், பணிவானவர். பாக்கியத்தின் உருவத்தையே ஒரு பொம்மையாகச் செய்து நுழைவாயிலில் வைக்கப்போவதாக அறிவித்தார். வரைபடத்தையும் காட்டினார். அதில் பாக்கியத்தின் முதுகில் கூடை இருந்தது. முகத்தில் சிரிப்பு இருந்தது.

"அம்மா வாழ்ந்த அந்த சிம்பிள் லைஃப், அந்த கோல்டன் டேஸ், அத அப்படியே கெஸ்டுகளுக்குக் குடுக்கணும்ங்கறதுதான் எங்க ஆசை, மேடம்" என்றார்.

ரஞ்சிதம் எழுந்தாள். மூலையிலிருந்த வாளியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். அழுது வீங்கிய முகம்.

"என்னம்மா இது?"

குருசாமி விளக்கினார். "எங்க வழக்கமுங்க சார். அந்தக் காலம் தங்கமான காலம்னு சொன்னவுக ஒரு வாளி தண்ணி கொண்டாரணும். ஓடை கீழதான் கெடக்கு. வெரசாப் போனா வெரசா வந்துரலாம்."

மேலாளர் சிரித்தார். "ஓ, நைஸ். கண்டிப்பா" என்றார். பிறகு திரும்பி, வாசலோரம் நின்ற தன் ஓட்டுநரைப் பார்த்து, "முருகேசா, இதப் பிடி" என்றார்.

அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அதுதான் விஷயம். கதவைத் திறப்பதுபோல, கைப்பையை நீட்டுவதுபோல, இயல்பாக வந்தது. முருகேசன், ஐம்பதைத் தாண்டிய மனிதர், வாளியை எடுத்துக்கொண்டு சரிவைப் பார்த்து நடந்தார்.

"அண்ணே, கீழ வைங்க" என்றாள் ரஞ்சிதம். "நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"இருக்கட்டும் தாயி, ஒரு வாளிதான."

"ஒரு வாளிதான். அதான் வைங்கங்குறேன்."

அவர் உடனே வைக்கவில்லை. முதலில் மேலாளரின் முகத்தைப் பார்த்தார். மேலாளர் தோளைக் குலுக்கிய பிறகுதான் வைத்தார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறைகளில் இந்த மலையின் தோட்டங்களைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். யார் தூக்கினார்கள், யார் தூக்கச் சொன்னார்கள் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அதை அப்படியே கண்முன் பார்த்தது அன்றுதான். வேடம் கட்டாமல், உரை எழுதாமல், அரை நிமிடத்தில் அந்தக் காலம் எங்கள் வாசலில் நடந்து முடிந்தது. அதைத் தங்கமான காலம் என்று சொன்னவர் அந்தக் காலத்தில் இருந்திருந்தாலும் வாளியைத் தொட்டிருக்கமாட்டார்.

வாக்கெடுப்பு நடந்தது. பாச்சலூர் நிறுவனத்துக்கு ஆதரவு. மன்னவனூர் மாயாண்டியும் ஆதரவு. அவருக்குக் கூரை வேண்டும், அதில் தவறில்லை. குருசாமி எதிர்ப்பு, ரஞ்சிதம் எதிர்ப்பு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கடிதம் கைப்பையில் இருந்தது.

"எதிர்ப்பு" என்றேன்.

மாயாண்டி எழுந்துவிட்டார். "அப்ப எங்க கூரைக்கு என்ன சொல்றீங்க, டீச்சரம்மா?"

"ஒழுகும். இந்த மழைக்கு நானும் வந்து அங்கே உட்காருகிறேன்."

"நீங்க உக்காந்தா ஒழுகுறது நின்னுருமா?"

"நிற்காது. திட்டுவதற்கு உங்களுக்குப் பக்கத்திலேயே ஆள் இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார். மழைக்கு முன் நான்கு ஊர்க்காரர்களும் சேர்ந்து மன்னவனூருக்குப் போய்க் கூரையை நாங்களே வேய்வது என்று குருசாமி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பாச்சலூர்க்காரர்கள் முணுமுணுத்தபடி கையைத் தூக்கினார்கள். மேலாளர் மாலையை மட்டும் விட்டுவிட்டு, வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். முருகேசன் போகும்போது ரஞ்சிதத்திடம் ஒரு டம்ளர் தேத்தண்ணி கேட்டு வாங்கி, நின்றபடி குடித்துவிட்டுப் போனார்.

எல்லோரும் கலைந்தபிறகும் வாளி நடுவில் காலியாகவே நின்றது. அப்போதுதான் என் கடிதத்தின் முதல் வரி நினைவுக்கு வந்தது: 'அக்கால வாழ்வின் எளிமையையும் இனிமையையும் வருங்காலத்துக்குக் கொண்டுசெல்லும் நோக்குடன்...' யாரும் அதைப் படித்திருக்கவில்லை. எழுதியவள் நான்.

வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ரஞ்சிதம் பின்னால் ஓடிவந்து, "டீச்சரம்மா, ஒங்க முட்டிக்கு இதெல்லாம் வேணாம்" என்றாள். அத்தை இருந்தால் இப்படித் தடுத்திருப்பார்களா என்று கேட்டேன். "இல்ல. இன்னும் பெரிய வாளியாக் குடுத்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டு வழியை விட்டாள். கால் வாளியோடு திரும்பி வந்தேன். இன்னும் முழங்கால் வீங்கித்தான் இருக்கிறது. மருத்துவரிடம் காரணம் சொல்லவில்லை.

அந்தத் தண்ணீரில் ரஞ்சிதம் தேத்தண்ணி வைத்தாள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அது எப்போதும்போல ஆடியது. குனிந்து பார்த்தேன். நான்காக மடித்த என் பழைய உரை, பழுப்பேறி, பெஞ்சின் கால் அழுத்திய தடத்தோடு அங்கேயே இருந்தது. கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, அதையும் நான்காக மடித்து, உரையின் மேல் வைத்துச் செருகினேன்.

நண்பர்களே, அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லித்தான் இதை முடிக்க வேண்டும். அவருடைய படமோ பொருளோ என்னிடம் இல்லை. யாராவது எதையாவது அழகு என்று சொன்னால், உடனே அதை யார் தூக்கினார்கள் என்று கேட்கும் கெட்ட பழக்கம் ஒன்று இருக்கிறது. என் உறவினர்கள் என்னைத் திருமணங்களுக்கு அழைப்பதை நிறுத்திவிட்டார்கள். லயத்தின் கதவு வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்திருக்கும். மழை பெய்த மறுநாள் போளூர் வீடு பூட்டியிருக்கும். வருகிறவர்கள் வரலாம். வாளி வாசலில் இருக்கிறது.

பெஞ்சு இப்போது ஆடுவதில்லை. அவர் கேட்டது சரியாக இரண்டு பக்கங்கள்தாம்.